உடைந்தது கோது, பில் முழுத் திறப்புக்கு

ஒரு கார்த் திறப்பின் பிளாஸ்டிக் கோது உடைந்ததைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கோ. கொஞ்ச மாதத்துக்கு முதல் என்றால் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்பம்.

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா ஹயர் ஓடுகிறவர். ஜப்பானில் இருந்து வந்த சின்னக் கார், அவர் மூன்றாவது சொந்தக்காரர். மூன்று கை மாறிய காருக்கு ஒரே ஒரு திறப்பு. பட்டனில் இருந்த பூட்டுப் படம் எப்பவோ தேய்ந்துவிட்டது. கோதின் விளிம்பு வெடித்ததும் அதற்கு மேல் கறுத்த இன்சுலேஷன் ரேப் சுற்றி, அதற்கும் மேல் ஒரு ரப்பர் பாண்ட் போட்டு நாலு மாதம் ஓடினார். ஒரு மழை நாள், பெற்றோல் செட்டில் வைத்து ரேப் கழன்று உள்ளே இருந்த போர்ட்டும் பற்றரியும் தண்ணிக்குள் விழுந்தன.

துடைத்து, காய வைத்து, திரும்பவும் ரேப் சுற்றிக்கொண்டு ஏஜென்டிடம் போனார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்தவர் திறப்பைக் கையில் வாங்கக்கூட இல்லை. "ஐயா, இதுக்குக் கேசிங் தனியா வராது. முழுத் திறப்பும் மாத்தோணும். நாற்பத்திரெண்டாயிரம் வரும். கார் ரெண்டு நாள் இங்க நிக்கோணும்." கார் ரெண்டு நாள் நின்றால் ரெண்டு நாள் ஹயர் இல்லை, அதையும் கூட்டிப் பாருங்கோ. "கேசிங்கை மட்டும் வெளியில வாங்கிப் போடலாமோ தம்பி?" என்று சித்தப்பா கேட்டிருக்கிறார். "போடலாம். ஆனா கார் ஸ்டார்ட் வராட்டி எங்களிட்ட வராதேங்கோ."

அந்தக் கடைசி வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் திறப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பம். கதவுப் பூட்டையும் இக்னிஷனையும் திருப்புகிற இரும்பு பிளேட் ஒன்று. பட்டனை அமர்த்தினால் கதவுக்கு வானொலி அலையில் சொல்லி அனுப்புகிற சின்ன போர்ட் ஒன்று. அந்தப் போர்ட்டுக்கு மூன்று வோல்ட் பற்றரி ஒன்று, அனேகமாக சி.ஆர். 2032 அல்லது 2016. பிறகு இம்மொபிலைசர் சிப். கடைசியாக, இவ்வளவையும் பொத்திப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் கோதும் ரப்பர் பட்டனும்.

இதில் புத்தியுள்ள சாமான்கள் இரண்டுதான், போர்ட்டும் சிப்பும். அந்த இரண்டும் வேறு வேறு வேலை பார்க்கிறவை. போர்ட் கதவைத் திறக்கும், எஞ்சினைப் பற்றி அதுக்கு ஒன்றும் தெரியாது. சிப் எஞ்சினை ஓட விடும், அதுக்குப் பற்றரியே தேவையில்லை. இக்னிஷன் ஓட்டையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. திறப்பைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருளின் காந்தப்புலத்தில் இருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்து, காரின் கணினிக்குத் தன் குறியீட்டைச் சொல்லும். கணினி ஒத்துக்கொண்டால் எஞ்சின் ஓடும். ஐரோப்பாவில் 1998 இல் இருந்து புதிய கார்களுக்கு இந்த ஏற்பாடு கட்டாயம்.

கோதுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கும் இல்லை. அதில் குறியீடு இல்லை, புரோகிராம் பண்ண ஒன்றும் இல்லை. கோதை மாற்றுவது புத்தகத்துக்கு உறை மாற்றுகிற வேலை. சித்தப்பாவிடம் நாற்பத்திரெண்டாயிரம் கேட்டது உறை கிழிந்ததற்கு. சிப்பும் போர்ட்டும் பிளேட்டும் நல்லா இருக்க, அவற்றையும் சேர்த்து எறி என்று சொன்னார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? அவளும் நாங்கள் இரண்டு பேரும் டவுனில் திறப்பு வெட்டுகிற கடை ஒன்றுக்குப் போனோம். அந்த மொடலுக்கு வெறும் கோது தொளாயிரத்து ஐம்பது ரூபா. கேள்வி கேட்டது முழுக்க அவள். கடைக்காரர் பதில் சொன்னது முழுக்கப் பின்னால் நின்ற பெடியனுக்கு. "தம்பி, தங்கச்சிக்குச் சொல்லுங்கோ, இது சின்ன வேலை எண்டு." திறப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நின்ற ஒரே ஆள் அந்தப் பெடியன்தான். இதையும் எழுதி வைக்கிறம், ஏனென்றால் 'உனக்கு இது விளங்காது' என்கிற வியாபாரம் ஏஜென்டின் கண்ணாடி மேசையில் மட்டும் நடக்கிறதில்லை.

கன்ரீன் மேசையில் பழைய பேப்பர் விரித்து, கண்ணாடிக் கடையில் இரவல் வாங்கிய சின்ன ஸ்குரூ ட்ரைவரால் கோதைத் திறந்தோம். பிளேட் ஒரு ஸ்குரூவில் நின்றது, கழற்றி மாற்றினோம். போர்ட்டை மாற்றினோம். பற்றரி புதிது. ரப்பர் பட்டன் பொருந்தியது. பத்து நிமிசம். சித்தப்பாவைக் கூப்பிட்டோம். பட்டனை அமர்த்தினார், கதவு திறந்தது. கை தட்டினோம். திறப்பைத் திருப்பினார். கார் ஸ்டார்ட் வரவில்லை.

அந்த அரை மணித்தியாலத்தைச் சும்மா கடந்து போக எங்களுக்கு விருப்பமில்லை. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் கூடப் பயமாக இருந்தது. ஏஜென்டின் வசனம் எங்கள் எல்லோருடைய காதிலும் கேட்டது. 'அவங்கள் சொன்னது சரிதானோ' என்று எங்களில் ஒருவர் வாய்விட்டே கேட்டார். பிறகு அவள் பேப்பரில் கிடந்த பழைய கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூலையில் ஒரு சின்னக் குழி. அதற்குள், இரண்டு பயற்றம் விதையை ஒட்டி வைத்த அளவில், பசையால் ஒட்டிய கறுத்தக் கட்டி. சிப். நாங்கள் அதைப் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி என்று நினைத்து விட்டுவிட்டோம். கவனமாகக் கிளப்பி எடுத்துப் புதிய கோதின் குழிக்குள் வைத்தோம். கார் ஸ்டார்ட் வந்தது.

ஏஜென்ட் சொன்ன 'ஸ்டார்ட் வராட்டி' என்பதன் முழு இரகசியமும் இவ்வளவுதான். "ஐயா, பழைய கோதுக்குள்ள ஒரு சிப் ஒட்டியிருக்கும், அதை மறக்காம எடுத்துப் போடுங்கோ" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த வசனத்துக்குப் பதிலாகத்தான் பயத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். தெரிந்ததை மறைத்துவிட்டு, தெரியாதவரின் பயத்துக்கு விலை போடுவதைச் சேவை என்று சொல்ல எங்களுக்கு வாய் வருகுதில்லை.

இனி எதிர்வாதத்துக்கு வருவம். "இது பாதுகாப்பு விசயம். ஆரும் எவரும் திறப்பைத் திறந்து வேலை செய்யத் தொடங்கினால் கார்க் களவு கூடும்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு இருப்பது சிப்பில். அமெரிக்காவில் 2021 இற்குப் பிறகு குறிப்பிட்ட கியா, ஹுண்டாய் மொடல்கள் தெருத்தெருவாகக் களவு போனதே, அது ஆரும் திறப்பின் கோதைக் கழற்றியதாலா? அந்தக் கார்களில் இம்மொபிலைசரே இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உடைத்து, யூ.எஸ்.பி. வயரின் முனையால் இக்னிஷனைத் திருப்பிக்கொண்டு போனார்கள். செலவு மிச்சம் பிடிக்கச் சிப்பை விட்டது கொம்பனி, காரைப் பறிகொடுத்தது சனம்.

மறைத்து வைத்தால் பாதுகாப்பு வருமா என்பதற்கு இன்னொரு கதையும் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்களுக்கு அது கொஞ்சம் கிட்டத்துக் கதை. மெகாமோஸ் கிரிப்டோ என்கிற இம்மொபிலைசர் சிப்பில் பலவீனம் இருக்கிறது என்று பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிப் செய்த நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். 2013 இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கட்டுரையை வெளியிடத் தடை வாங்கியது. இரண்டு வருசம் கழித்து, 2015 இல், ஒரே ஒரு வசனத்தை நீக்கிவிட்டுத்தான் அது வெளிவந்தது. அந்த இரண்டு வருசமும் அந்தப் பலவீனத்தோடுதான் கார்கள் தெருவில் ஓடின, கார்க்காரருக்குத்தான் அது தெரியாது. பாதுகாப்பு என்ற பெயரில் பூட்டி வைக்கப்படுவது பல நேரம் சொந்தக்காரருக்குச் சேர வேண்டிய தகவல்தான்.

புதுச் சிப்புக்குக் குறியீடு ஏற்றுவதற்கும், தொலைந்த திறப்புக்குப் பதில் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு வேண்டும். வாகனப் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பார்க்காமல் எந்தக் கடையும் அதைச் செய்யக்கூடாது. இதில் எங்களுக்கு மறுகருத்து இல்லை. கோது மாற்றுவதையும் அதற்குள் இழுத்துப் போட்டுக் குழப்புவதைத்தான் எதிர்க்கிறம்.

இந்த இடத்தில் மற்றப் பக்கத்தையும் திட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் எங்கட வயசுப் பெடியங்கள் நிற்கிற பக்கம். கோது மாற்றுவது என்றதும் சிலருக்கு நினைவு வருவது 'அப்கிரேட்'. பத்துப் பன்னிரண்டு வருசப் பழைய ஜப்பான் காரின் திறப்புக்கு ஜெர்மன் கார் லோகோ போட்ட கோது. கார்பன் மாதிரி கோடு போட்ட கோது. அலுமினியக் கோது. மடக்கு பிளேட் வைத்து, பட்டனைத் தட்டினால் 'டக்' என்று கத்தி மாதிரிப் பாய்கிற கோது. மேசையில் திறப்பை வைத்துவிட்டு அது எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைப்பது வேறு.

மடக்குத் திறப்பில் வசதி இருக்கிறது, பொக்கற் கிழியாது. ஆனால் வாங்க முதல் சிலதைத் தெரிந்துகொள்ளுங்கோ. பழைய பிளேட் அதற்குள் பொருந்தாவிட்டால் புது பிளேட்டை உங்கட திறப்பைப் பார்த்து வெட்ட வேண்டி வரும். சிப்புக்கு இடமில்லாத கோதும் விற்கிறார்கள். மலிவானதில் ஸ்பிரிங்கும் ஆணியும்தான் முதலில் போகும், பிறகு பிளேட் இக்னிஷனுக்குள் நின்று ஆடும். உலோகக் கோது வானொலி அலையை மறிக்கும், தூரத்தில் நின்று திறந்த கதவுக்குப் பிறகு கிட்டப் போக வேண்டி வரும். முழு ரிமோட்டையும் மலிவாக ஒன்லைனில் எடுத்தால் அலைவரிசை மாறி வரும். ஜப்பானுக்குச் செய்த கார்கள் அனேகமாக 315 மெகாஹேர்ட்ஸ் பக்கம், ஐரோப்பாவுக்குச் செய்தவை 433. ஆகவே உங்கட போர்ட்டை உங்களிடமே வைத்துக்கொண்டு கோதை மட்டும் மாற்றுங்கோ.

ஏஜென்டுக்கும் இந்த அப்கிரேட் மோகத்துக்கும் பகை இருக்கிற மாதிரித் தெரியும். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஒருவர் 'ஒறிஜினல் இல்லாட்டி ஒண்டும் இல்லை' என்கிறார், மற்றவர் வெளித் தோற்றத்துக்குக் காசைக் கொட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு பேருமே விடுகிறதில்லை.

எங்கட ஊர் இதில் வெட்கப்பட ஒரு காரணம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வர விடப்படாத சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட வீடுகள் இருந்தன. ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்த ஆக்கள்தான் இன்றைக்கு எங்களுக்கு விரிவுரை எடுக்கிறார்கள். பெற்றோல் இல்லாத நாட்டில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களைக் கொஞ்சப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் காபரேற்றரைத் திருத்தினவர்களில் எத்தனை பேரிடம் எஞ்சினியர் பட்டம் இருந்தது?

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைப் பெருமையாக்கி விற்க எங்களுக்கு விருப்பமில்லை. அந்தக் கெட்டித்தனத்தைப் பிறப்பித்தது கொடுமை. டைனமோ ரேடியோவை மெச்சிக்கொண்டே தடையை மறப்பது அசிங்கம். ஆனால் இல்லாமையில் சனம் கற்றுக்கொண்டதை, சாமான் வந்ததும் ஏன் கைகழுவ வேண்டும்? அன்றைக்குத் திருத்தியது வேறு வழியில்லாததால். இன்றைக்குத் திருத்துவது எங்கட உரிமையாக இருக்க வேண்டும்.

அந்த உரிமைக்கு உலகத்தில் பெயரும் இருக்கிறது, சண்டையும் நடக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 இல் சனம் வாக்குப் போட்டு, கார் திருத்தத் தேவையான தகவலைக் கொம்பனிகள் வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டமாக்க வைத்தது. 2020 இல் திரும்பவும் ஒரு வாக்கெடுப்பு, இந்த முறை கார் கம்பியில்லாமல் அனுப்புகிற தரவுக்காக. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கினர் ஆம் என்றார்கள். கார்க் கொம்பனிகளின் சங்கம் உடனே வழக்குக்குப் போனது. அங்கே அவ்வளவு சண்டை என்றால், இங்கே சித்தப்பா மாதிரி ஆக்கள் தனியாகக் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்று என்ன செய்யேலும்?

இங்கே நிலைமை இன்னும் இறுக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 இல் நாடே வங்குரோத்து, ரூபா விழுந்து போனது. அந்த ஐந்து வருசமும் இருந்த கார்தான் கார். பழைய கார்களின் விலை ஏற ஏற, அவற்றை ஓட வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களின் கழுத்தும் இறுகியது. இறக்குமதி திறந்ததால் ஹயர் ஓடுகிறவர் புதுக் கார் வாங்கப் போகிறதில்லை. தேய்ந்த பட்டனும் வெடித்த கோதும் இன்னும் கன வருசம் எங்களோடு இருக்கும். டொலர் கொடுத்து இறக்கிய சிப்பையும் போர்ட்டையும் பிளாஸ்டிக் உடைந்ததற்காகக் குப்பையில் போடச் சொல்கிற நாட்டுக்கு, 'டொலர் இல்லை' என்று எங்களுக்கு வகுப்பெடுக்க என்ன தகுதி?

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஏஜென்ட்கள் கோதையும் ரப்பர் பட்டனையும் தனி உதிரிப்பாகமாக விற்க வேண்டும், விலையை எழுதி ஒட்ட வேண்டும். 'முழுசா மாத்தோணும்' என்று சொன்னால் ஏன் என்று பில்லில் எழுதித் தர வேண்டும். எழுதச் சொன்னாலே பாதிப் பொய் நின்றுவிடும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிற நாட்டில், உதிரிப்பாகமும் திருத்தும் தகவலும் நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்பதை அந்தச் சட்டத்திலேயே எழுதிச் சேர்ப்பதும் செய்ய முடியாத காரியம் இல்லை. பஞ்சிகாவத்தையில் ஒரு சந்துக்குள் கிடைக்கிற பாகம், மாபிள் பதித்த ஷோரூமில் ஏன் கிடைக்காது என்று கேட்க வேண்டும்.

கடைசியாக எங்களுக்கே. நாங்கள் கலைப்பீடம். நுகர்வுக் கலாசாரம், பண்டங்களின் மாயை, உழைப்பில் இருந்து அந்நியமாதல் என்று பக்கம் பக்கமாக அசைன்மென்ற் எழுதி ஏ எடுத்த ஆக்கள். ஆனால் கன்ரீன் மேசையில் அந்த ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று மூன்று பேர் வாதாடினோம். 'அது மெக்கானிக்கின்ர வேலை' என்று சொல்லும்போது எங்கட வாயில் இருப்பது வெறும் வேலைப் பிரிப்பு இல்லை, அதுக்குள் சாதியும் வகுப்பும் ஒளிந்திருக்கிறது. கையில் கிறீஸ் படுகிறவரின் அறிவை அறிவு என்று ஏற்காத படிப்புதான் ஏஜென்டின் கண்ணாடி மேசைக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறது.

சித்தப்பாவின் திறப்பு இப்ப நல்லா இருக்கு. புதுக் கோது கொஞ்சம் மினுக்கம் கூட, "ஆக்கள் புதுக் கார் எண்டு நினைக்கப்போகினம்" என்று சிரிக்கிறார். இரண்டாவது திறப்பு ஒன்று செய்து வைக்கச் சொல்லியிருக்கிறம். இருக்கிற ஒன்றும் தொலைந்த பிறகு செய்வதைவிட இப்ப செய்தால் செலவு குறைவு. உங்கட வீட்டிலும் ரேப் சுற்றிய திறப்பு ஒன்று இருந்தால் கன்ரீனுக்குக் கொண்டு வாங்கோ, ஸ்குரூ ட்ரைவர் இப்ப எங்களிடம் சொந்தமாக இருக்கு. ஆனால் பழைய கோதை மட்டும் வழியில் எறிஞ்சுபோடாதேங்கோ. உள்ளே சிப் இருக்கும்.